பல் போனாலும் சொல் போக வேண்டாம்



பல் போனால் சொல் போச்சு என்பது நம் பெரியவர்கள் வாக்கு. இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் எவரும் இருக்க முடியாது. ஆனால், போன பல்லுக்கு மாற்றாக ஒரு பல்லைப் பதித்துக்கொள்ள யாராவது முற்பட்டால் மட்டும் இப்பழமொழி நமக்கு மறந்துவிடுகிறது. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டுவிடுகிறோம். "என்ன, மறுபடியும் மாப்பிள்ளை ஆகப் போறீங்களா?" என்று சிரிக்கவும் செய்கிறோம்.

கண் மங்கினால் கண்ணாடி போடுகிறார்கள். முழங்கால் தேய்ந்தால் செயற்கை மூட்டு வைக்கிறார்கள். அவற்றை எவரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. பல் மட்டும் என்ன குற்றம் செய்தது? உண்ணவும் பேசவும் சிரிக்கவும் ஒருசேரப் பயன்படும் உறுப்பு, நம் குடும்பங்களின் செலவுப் பட்டியலில் கடைசி வரியில் நிற்கிறது.

இப்பதிவில் நான் வலியுறுத்த விரும்புவன இரண்டு. பல்லை இழந்து பல்லாண்டுகள் கடந்த பின்னரும் அதை மீட்டுக்கொள்வது உடல்நலத்திற்கும் மொழிநலத்திற்கும் உரியதே, வீண் பகட்டு அன்று. இது முதலாவது. அவ்வாறு காலங்கடந்து மீட்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை மிகப் பெரிது. அந்த விலையை நம் பிள்ளைகள் கொடுக்காதபடி காக்கும் வாய்ப்பு ஆசிரியர்கள் கையிலும் பெற்றோர் கையிலும் இருக்கிறது. இது இரண்டாவது.

பல்லும் சொல்லும்

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றோர் இயல் உண்டு. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்பதை அது விளக்குகிறது. மேற்பல்லின் அடியை நா பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல்லும் கீழுதடும் இயைய வகரம் பிறக்கிறது. மெய்யொலியில் பல்லுக்குள்ள பங்கை இத்துணைத் தெளிவாகச் சொல்லிவைத்த மொழி நம்முடையது.

இதை நான் ஏன் இங்கே குறிப்பிடுகிறேன்? முதலாம் ஆண்டு மாணவனுக்கு எழுத்தொலியைக் கற்பிக்கும் ஆசிரியரின் வாய்தான் அவனுக்குக் கிடைக்கும் முதல் பாடநூல். அவன் நம் உதட்டைப் பார்க்கிறான். நாக்கு எங்கே தொடுகிறது என்று பார்க்கிறான். 'நந்தவனம்' என்ற ஒரே சொல்லில் மேல்முன்பல்லுக்கு எத்தனை வேலை என்று சொல்லிப் பாருங்கள். முன்பல் இல்லாத ஆசிரியர் அச்சொல்லை உச்சரிக்கும்போது காற்று எங்கெங்கோ கசிகிறது. சகரம் சீட்டியாக மாறுகிறது.

கழற்றி மாட்டும் பல் செட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அது பல நேரங்களில் போதுமானதாகவும் இருக்கிறது. ஆயினும், மேல் முன்பல்லுக்காகச் செய்யப்படும் செட்டில் அண்ணத்தை மூடியபடி ஒரு தகடு வருவது வழக்கம். டகரமும் ணகரமும் ளகரமும் பிறக்க நா தேடிச் செல்வது அந்த அண்ணத்தைத்தான். ழகரத்திற்கும் நா அங்கேதான் வளைந்து செல்கிறது. அங்கே அண்ணத்திற்கு மாறாக நெகிழித் தகடு நின்றால் ஒலி தடித்துப் போகிறது. நாளடைவில் நா பழகிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால், தகடு சற்றே தளர்ந்துவிட்டால் அந்தப் பழக்கமும் உதவாது.

என் பட்டறிவு

இதை ஏட்டறிவாக மட்டும் நான் எழுதவில்லை. 1999ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, மாலைப்பொழுதில் திடலில் காற்பந்து ஆடுகையில் சக பயிற்சியாளர் ஒருவரின் முழங்கை பட்டு என் மேல்முன்பல் ஒன்று வேரோடு வெளியே வந்துவிட்டது. நண்பர் ஒருவர் அதைப் புல்லில் தேடி எடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக என்னிடம் கொடுத்தார். மறுநாள் காலையில்தான் பல் மருத்துவரைக் காண முடிந்தது. பல்லை மீண்டும் பொருத்தும் காலம் கடந்துவிட்டது என்றார் அவர். அன்று அங்கிருந்த எங்களில் எவருக்கும் அதைப் பற்றி எவரும் சொல்லித் தந்ததில்லை.

பிறகு ஒற்றைப் பல் செட். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதனோடுதான் வகுப்பறையில் நின்றேன். மூன்று முறை மாற்றினேன். சபைக் கூட்டத்தில் ஒலிவாங்கியின் முன் நிற்கும்போதெல்லாம் நாவின் ஒரு பாதி பேசும். மறுபாதி தகட்டைத் தாங்கிப் பிடித்திருக்கும். என்னைப் போன்று பேசும் ஆசிரியர்கள் இன்னும் பலர் உண்டு என்பதை நான் அறிவேன். அவர்கள் இதை எவரிடமும் சொல்வதில்லை.

நாற்பதைக் கடந்த பின்னர் பல் பதியம் செய்துகொண்டேன். இம்பிளாண்ட் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். தாடையெலும்பில் பதிந்து வேரூன்றுவதால் பதியம் என்ற சொல் இதற்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

பல் போன இடத்தில் நடப்பது என்ன?

பல் போனால் அங்கே ஓர் ஓட்டை விழுகிறது, அவ்வளவுதான் என்று நாம் எண்ணுகிறோம். ஈறு ஆறியதும் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பல்லைச் சுற்றியுள்ள தாடையெலும்பு பல்லுக்காகவே வளர்ந்து, பல்லுக்காகவே நிலைத்திருப்பது. மெல்லும்போது பல்லின் வேர் வழியாக இறங்கும் அழுத்தம்தான் அந்த எலும்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. வேர் போய்விட்டால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாத எலும்பை உடல் வைத்துக்கொள்வதில்லை. மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. மலைச்சரிவில் மரத்தை வெட்டியபின் மண் சரிவதை நாம் பார்த்ததில்லையா? அதே கதைதான்.

இந்தக் கரைவு முதல் சில மாதங்களில்தான் மிக விரைவு. முதல் 12 மாதங்களில் அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதி வரை குறைந்துவிடக்கூடும். அதன்பின் வேகம் தணியும், ஆனால் நிற்பதில்லை. மேல்தாடையின் கடைவாய்ப் பகுதியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அங்கே எலும்புக்கு மேலே காற்றறை ஒன்று உண்டு. பல் போனபின் அந்தக் காற்றறையும் கீழ்நோக்கி விரிகிறது. கீழிருந்து எலும்பு தேய, மேலிருந்து காற்றறை இறங்க, நடுவில் மெல்லிய தகடு போன்ற எலும்பே மிஞ்சுகிறது.

பக்கத்துப் பற்களும் சும்மா இருப்பதில்லை. வெற்றிடத்தை நோக்கிச் சாய்கின்றன. எதிர்த்தாடையில் உள்ள பல், தடுப்பார் இல்லாமையால் நீண்டு இறங்குகிறது. சாய்ந்த பல்லின் இடுக்கில் உணவு தங்கிச் சொத்தை விழுகிறது. அந்தப் பல்லும் போகிறது. ஒரு பல்லை இழந்தவர் பத்தாண்டில் மூன்று பற்களை இழப்பது இப்படித்தான். தோட்டப்புறத்தில் பிறந்த நம் பெற்றோர்களை எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் பல்வலி என்றால் அறிந்த மருத்துவம் ஒன்றே ஒன்றுதான்: பிடுங்கிவிடுவது. ஐம்பது வயதில் பொக்கைவாய் ஆனதை அவர்கள் விதி என்று எண்ணினார்கள். அது விதியன்று, ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்த வரிசை.

முயலின் கால் சொன்ன செய்தி

பல் பதியத்தின் வரலாறு சுவையானது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தில் சொல்லலாம். சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர் இங்வார் பிரோன்மார்க் 1950களின் தொடக்கத்தில் எலும்பு மச்சையில் குருதி எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பல்லுக்கும் அந்த ஆய்வுக்கும் தொடர்பே இல்லை. முயலின் கால் எலும்பில் டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு நோக்குக்குழலைப் பொருத்திப் பார்த்தார். ஆய்வு முடிந்தபின் அதைக் கழற்ற முயன்றபோது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தைத் தன்னோடு சேர்த்து இறுகப் பற்றிக்கொண்டிருந்தது.

பொதுவாக, உடல் தன்னுள் நுழையும் அயற்பொருளைச் சுற்றி நார்த்திசுவால் வேலி கட்டி ஒதுக்கிவிடும். டைட்டானியத்தை மட்டும் எலும்பு அப்படி ஒதுக்கவில்லை. இந்த எலும்பிணைவைப் பல்லுக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டு, 1965ஆம் ஆண்டு கோத்தன்பர்க் நகரில் முதல் நோயாளிக்குப் பதியம் செய்தார். அந்த நோயாளி 2006இல் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அப்பதியங்கள் நிலைத்திருந்தன. உலக மருத்துவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டதோ 1982இல் டொரொண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பின்னர்தான். ஒரு நல்ல கருத்து ஏற்கப்படுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன பாருங்கள்!

காலங்கடந்தால் கூடும் வேலை

பதியத்தில் மூன்று பகுதிகள் உள்ளன. எலும்பில் இறங்கும் சிறு திருகாணி, அதன்மேல் பொருத்தும் இணைப்புத் துண்டு, அதற்கும் மேலே நாம் காணும் பல்முடி. எலும்பு போதிய அளவு இருந்தால், திருகாணியைப் பதித்து மூன்று முதல் ஆறு மாதங்கள் காத்திருந்து பல்முடியை வைத்துவிடுவார்கள்.

என்னைப் போன்று காலங்கடந்து செல்பவர்களுக்குக் கணக்கு வேறு. முதலில் தாடையை முப்பரிமாணப் படமாக எடுத்தார்கள். நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள திருகாணியை இறக்க வேண்டுமானால், அதைச் சுற்றிலும் எலும்பு தாங்கி நிற்க ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் அகலம் வேண்டும். என் எலும்பு மூன்றைச் சற்றே தாண்டியிருந்தது. ஆகவே, முதலில் எலும்பு ஒட்டு. அது இறுக ஆறு மாதக் காத்திருப்பு. பிறகு திருகாணி; மேலும் நான்கு மாதம். அதன்பின்தான் பல்முடி. பல் விழுந்த உடனேயே செய்திருந்தால் சில மாதங்களில் முடிந்திருக்கக்கூடிய வேலை ஓராண்டுக்கு மேல் நீண்டது. கடைவாய் மேற்பல்லாக இருந்திருந்தால் காற்றறையின் அடித்தளத்தை உயர்த்தும் அறுவையும் சேர்ந்திருக்கும்.

வலி? எல்லாரும் கேட்கும் கேள்வி இது. மரத்துப்போக ஊசி போட்டபின் வலி இல்லை. அதிர்வும் ஓசையும் உண்டு. எலும்பைத் துளைக்கும்போது தொடர்ந்து குளிர்ந்த உப்புநீரைப் பாய்ச்சுகிறார்கள். ஏனென்றால், எலும்பின் வெப்பம் 47 பாகையைத் தாண்டி ஒரு நிமிடம் நின்றாலும் அங்குள்ள உயிரணுக்கள் கெட்டுவிடும். பிறகு எலும்பு திருகாணியைப் பற்றாது. இத்தனை நுட்பம் அந்தச் சிறு துளைக்குள் இருக்கிறது. பிந்திய இரண்டு மூன்று நாள் வீக்கத்திற்குப் பனிக்கட்டி ஒத்தடமும் மாத்திரையும் போதுமானவையாக இருந்தன.

நாற்காலியில் அமரும் முன் கேளுங்கள்

ஒட்டு எலும்பு எதிலிருந்து வருகிறது என்று நான் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். பரவலாகப் பயன்படும் ஒட்டுப் பொருள்களில் மாட்டெலும்பிலிருந்து எடுப்பதும் உண்டு. பன்றியிலிருந்து பெறும் சவ்வும் உண்டு. மனித எலும்பிலிருந்து பெறுவதும் உண்டு. ஆய்வகத்தில் செய்யும் செயற்கைப் பொருளும் உண்டு. நம் தாடையிலிருந்தே சிறிதளவு எடுத்து ஒட்டுவதும் உண்டு. இவற்றுள் எது தமக்கு ஏற்புடையது என்பதை அவரவர் சமயமும் மனமும் முடிவு செய்யட்டும். முன்கூட்டிக் கேட்டால் மருத்துவர் மாற்று வழி சொல்வார். என் மருத்துவர் சொன்னார். நான் செயற்கைப் பொருளைத் தேர்ந்தேன். கேட்காமல் இருந்துவிட்டுப் பிறகு மனம் வருந்துவதில் பொருளில்லை.

செய்பவர் யார் என்றும் கேளுங்கள். நம் நாட்டில் 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின்படி, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர்கள்தாம் பல் மருத்துவம் பார்க்கலாம். அழகு நிலையத்தில் கம்பி கட்டுவதும், வீட்டுக்கே வந்து பல் வைத்துத் தருவதும் சட்டப்படி குற்றம். மலிவு என்று போய் ஈறு புண்ணாகித் திரும்பியவர்கள் பலர். பதிவு பெற்ற மருத்துவரிடமும் இதுவரை எத்தனை பதியங்கள் செய்திருக்கிறீர்கள், ஒன்று தோற்றால் என்ன செய்வீர்கள், மொத்தச் செலவு என்ன, எழுத்தில் தருவீர்களா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

எல்லாருக்கும் பொருந்துமா?

இங்கே நான் பதியத்துக்கு விளம்பரம் செய்யவில்லை. நன்கு செய்த பதியங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை பத்தாண்டு கடந்தும் நிலைக்கின்றன. ஆயினும், சிலருக்குத் தோற்கும் வாய்ப்பு கூடுதல். புகைப்பவர்கள், ஈறுநோய் உள்ளவர்கள், எலும்புத் தேய்வுக்குச் சில வகை மருந்துகளை உட்கொள்பவர்கள் ஆகியோர் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும்.

நம் சமூகம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது நீரிழிவை. 2023ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2019ஆம் ஆண்டு ஆய்வில், மூன்று பெரிய இனங்களுள் இந்தியர்களிடையேதான் அதன் விகிதம் மிக அதிகம். இனிப்பு நோய் கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் ஆறுவது தாமதம்; ஈறுநோய் எளிதில் பற்றும்; எலும்பு திருகாணியைப் பிடிக்கத் தயங்கும். அதேநேரத்தில், ஈறுநோய் முற்றினால் சர்க்கரை அளவும் ஏறும். இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் பதியத்துக்குத் தடையில்லை. வயது தடையே இல்லை. எழுபதில் செய்துகொண்டவர்களும் உண்டு.

பதியம் ஏற்புடையதாக இல்லாவிட்டால் மாற்று வழிகள் உள்ளன. இரு பக்கத்துப் பற்களைச் செதுக்கி அவற்றின்மேல் பாலம் அமைக்கலாம். விரைவில் முடியும், ஆனால் நல்ல பற்களைச் செதுக்க வேண்டும், அடியில் எலும்பு தேய்வதும் நிற்காது. கழற்றி மாட்டும் செட் மலிவானது. அரசாங்கப் பல் மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. முழுப் பல் செட் அணிந்தவரின் கடிவலிமை இயற்கைப் பல்லின் கால்பங்கு அளவே என்றாலும், ஒன்றுமில்லாமல் கஞ்சியும் குழைந்த சோறுமாக வாழ்வதை விட அது எவ்வளவோ மேல். கீழ்த்தாடை செட் நிற்காமல் ஆடுகிறதா? இரண்டே இரண்டு பதியங்களை வைத்து அதன்மேல் செட்டை அழுத்தி மாட்டும் முறையும் உண்டு. முழு வாய்க்கும் பதியம் செய்ய வசதியில்லாத நம் தாய் தந்தையருக்கு இதுவே நல்ல நடுவழி.

பதியத்துக்குச் சொத்தை விழாது. ஆனால், அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழற்சி கண்டால், கெட்டியாக இறுகிய திருகாணியும் ஆடிவிடும். ஆகவே, துலக்குவதிலும் இடுக்குகளைத் துப்புரவு செய்வதிலும் சலுகை கிடையாது.

பணம் பற்றிய பேச்சு

மறைக்க வேண்டியதில்லை, செலவு பெரிதுதான். நான் விசாரித்த தனியார் மருத்துவமனைகளில் ஒரு பல்லுக்கு ஐயாயிரம் ரிங்கிட்டிலிருந்து பத்தாயிரம் வரை சொன்னார்கள். எலும்பு ஒட்டுக்குத் தனிக்கட்டணம். ஒரு பல், ஒரு சிறிய மோட்டார் சைக்கிளின் விலை! பல் மருத்துவப் புலம் உள்ள பல்கலைக்கழகங்களில் கட்டணம் பொதுவாகக் குறைவு, காத்திருப்பு நீளம். 2024 மதிப்பீட்டாண்டு முதல், பதிவு பெற்றவரிடம் செய்யும் பல் பரிசோதனை, சிகிச்சைச் செலவுகளில் 1,000 ரிங்கிட் வரை வருமானவரிக் கழிவு கோரலாம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

செய்ய இயலாதவர்களை நான் குறை சொல்லவில்லை. மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் போக மிஞ்சுவது என்ன என்பதை அறிந்தவன்தான் நான். ஆனால், இயன்றும் செய்துகொள்ளாத ஒரு கூட்டம் நம்மிடையே உண்டு. அவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் பாருங்கள். சேலைத் தலைப்பாலோ கைவிரல்களாலோ வாயை மறைத்துக்கொண்டு பேசுவார்கள். "என் பல்லுக்கு என்ன சார், பிள்ளைங்க படிச்சா போதும்" என்பார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனபின் அம்மாவுக்குச் சங்கிலி வாங்கித் தருகிறான்; பெரிய தொலைக்காட்சி வாங்கித் தருகிறான். வாங்கட்டும், மகிழ்ச்சி. அம்மா கடலையும் கரும்பும் கடித்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று அவனை ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். அந்தச் சங்கிலிக்கு முன் அவளைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

இனி நம் பிள்ளைகள். வளரும் பிள்ளைக்குப் பதியம் செய்ய இயலாது என்பதை நாம் நன்கு நினைவிற்கொள்ள வேண்டும். தாடை வளரும், மற்றப் பற்கள் அதனோடு சேர்ந்து நகரும், எலும்பிணைந்த பதியமோ நின்ற இடத்திலேயே நிற்கும். சில ஆண்டுகளில் அது மட்டும் உள்வாங்கிக் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி முடியும் பதினெட்டு, இருபது வயது வரை காத்திருக்க வேண்டும். ஒன்பது வயதில் நிரந்தரப் பல்லை இழக்கும் பிள்ளை, பத்தாண்டுக்கு மேல் அந்த வெற்றிடத்தோடு வாழ வேண்டும். அதற்குள் எலும்பு கரைந்திருக்கும். ஆகவே, பின்வரும் மூன்றை நாம் கடைப்பிடிப்போமாக.

முதலாவது, ஆறு வயதுக் கடைவாய்ப்பல். ஏறத்தாழ ஆறு வயதில், பால்பற்கள் அனைத்துக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பல் முளைக்கிறது. பால்பல் விழாமல் முளைப்பதால் பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். "விழப்போற பல்லுதானே" என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அது விழாது, வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். மெல்லும் வேலையில் பெரும் பங்கு அதனுடையது. முதலாம் ஆண்டுப் பெற்றோர் அறிமுக நாளில் சீருடை, புத்தகப் பட்டியலோடு இதையும் இரண்டு நிமிடம் சொல்லுங்கள், ஆசிரியர்களே.

இரண்டாவது, பல் மருத்துவக் குழுவின் இசைவுப் படிவம். பள்ளிக்கு வந்து பல் பார்க்கும் அரசாங்கச் சேவை நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1949இல். இத்தனை ஆண்டுக்காலச் சேவை வாசலுக்கே வந்து நிற்கும்போது, படிவம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கிறது. "ஊசி போடுவாங்களோ" என்ற அச்சத்தில் 'இசைவில்லை' என்று குறித்து அனுப்பும் பெற்றோரும் உண்டு. கடைவாய்ப்பல்லின் பள்ளங்களை அடைத்துக் காக்கும் எளிய சிகிச்சைக்கு ஊசியே வேண்டியதில்லை. பெற்றோர்களே, கையெழுத்திடுங்கள். வகுப்பாசிரியர்களே, வராத படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, திடலில் விழுந்த பல். நிரந்தரப் பல் வேரோடு வெளியே வந்துவிட்டால் அதை மீண்டும் பொருத்த முடியும். நேரம்தான் முதன்மை. பல்லைத் தேடி எடுத்து, முடிப்பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ நொடிப்பொழுது அலசுங்கள். இயன்றால் அப்போதே அதன் குழியில் வைத்துத் துணியைக் கடித்துக்கொள்ளச் செய்யுங்கள். இயலாவிட்டால் பாலில் போடுங்கள். சிற்றுண்டிச்சாலையில் இருக்கும் சாதாரண வெள்ளைப் பால் பொட்டலமே போதும். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், கைக்குட்டையில் சுற்றிக் காயவிடாதீர்கள். அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்த்தால் பல் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. காய்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் வேரின்மேல் உள்ள உயிரணுக்கள் மடிந்துவிடும். விழுந்தது பால்பல்லாக இருந்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. அது உள்ளே வளரும் நிரந்தரப் பல்லைக் கெடுத்துவிடும்.

இந்த ஒரு பத்தியைப் படியெடுத்து முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைக்குமாறு புறப்பாடப் பொறுப்பாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பொட்டலம் பாலின் விலை இரண்டு மூன்று ரிங்கிட். அது இல்லாமற்போனதன் விலை என்ன என்பதை மேலே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறேன்.

நிறைவாக

இழந்தவர்கள் காலம் கடந்துவிட்டதே என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை. எலும்பு கரைந்திருந்தாலும் வழி இருக்கிறது. வழி சற்று நீளம், அவ்வளவே. ஒருமுறை சென்று படம் எடுத்துப் பாருங்கள். பதியம் வேண்டுமா, பாலம் போதுமா, செட்டே சரியா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். இன்னும் ஓராண்டு தள்ளினால் இன்னும் சிறிது எலும்பு போகும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

இழக்காதவர்கள் காத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில், உங்கள் வீட்டில் உள்ள பிள்ளைகளின் வாயை இவ்வாரம் ஒருமுறை திறக்கச் சொல்லி, விளக்கொளியில் கடைசிப் பல்லைப் பாருங்கள். கரும்புள்ளி தென்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். தமிழை நாவில் ஏற்றுவது நம் பணி என்றால், அந்த நாவுக்குத் துணைநிற்கும் பல்லைக் காப்பதும் நம் பணியே.

உங்கள் கருத்துகளையும் பட்டறிவையும் மறுமொழியில் எழுதுங்கள்.